என் எடிட்டரில் 'கேட்டுக் கேட்டு மாற்று': இதுவரை செய்தது

ஓய்வு நேரத்தில் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டர் எழுதி வருகிறேன். திறப்பது, தட்டுவது, சேமிப்பது எல்லாம் ஓடுகிறது. அடுத்து தேடி மாற்றும் வசதி, அதுவும் ஒவ்வொரு இடத்திலும் நின்று 'இதை மாற்றவா?' என்று கேட்கும் வகை. தமிழில் இது இல்லாமல் முடியாது. 'படி' வரும் இடமெல்லாம் 'வாசி' போடு என்றால் 'படித்தான்' ஒழுங்காக 'வாசித்தான்' ஆகும், கூடவே 'மறுபடியும்' போய் 'மறுவாசியும்' வந்து நிற்கும்.

முதல் வடிவம் ஒரே மாலையில் முடிந்தது. தேடு, காட்டு, ஒரு விசைக்குக் காத்திரு, மாற்று, திரும்பத் தேடு. 'கோப்பு' என்பதை 'கோப்புறை' ஆக்கிப் பார்த்தேன், அதே இடத்திலேயே நின்று கேட்டுக்கொண்டே இருந்தது, நான் சரி சரி என்று அழுத்த அழுத்த 'கோப்புறைறைறை' என்று வளர்ந்தது. புதிதாகப் போட்ட சொல்லுக்குள்ளேயே பழைய சொல் இருக்கிறதே! அடுத்த தேடல் மாற்றிய சொல்லின் முடிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்புறம், கர்சர் கோப்பின் நடுவில் இருக்கும்போது தொடங்கினால் கடைசிவரை போய், மேலிருந்து வந்து, தொடங்கிய இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தை வெறும் எண்ணாகக் குறித்து வைத்தது தவறு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'படி' 3 குறியீடு (ப, ட, இகரக் குறி), 'வாசி' 4. மேலிருந்து வரும்போது 40 இடத்தில் மாற்றினால் தொடங்கிய இடம் 40 தள்ளிப் போயிருக்கும், ஆனால் தேடல் பழைய எண்ணிலேயே நின்றுவிடும், கடைசி ஒன்றிரண்டு இடங்களைக் கேட்காமலே விட்டுவிடும். இப்போது எண்ணுக்குப் பதில், திறந்திருக்கும் உரை நகர நகரக் கூடவே நகரும் அடையாளம் ஒன்று வைத்திருக்கிறேன்.

அதிக நாள் பிடித்தது பின்னால் போகும் வழிதான். 30, 40 முறை 'சரி' அழுத்திய பிறகு விரல் கண்ணுக்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிடும், மாற்றக் கூடாத ஒன்று மாறியது அடுத்த இடத்துக்கு வந்த பிறகுதான் மண்டையில் ஏறும். விம் (Vim) எடிட்டரில் கேட்டுக் கேட்டு மாற்றும்போது அந்த இடத்தில் பின்னால் போக விசை இல்லை, வெளியே வந்து அன்டூ போட்டால் அந்தக் கட்டளையில் செய்தது மொத்தமும் போய்விடும். ஈமேக்ஸ் (Emacs) எடிட்டரில் முந்தைய இடத்துக்குத் திரும்ப ஒரு விசை, கடைசி மாற்றத்தை மட்டும் நீக்க இன்னொரு விசை என்று இரண்டும் உண்டு. எனக்கு ஈமேக்ஸ் செய்வதுதான் சரி. அதனால் ஒவ்வொரு பதிலையும், 'வேண்டாம்' என்று சொன்னதையும் சேர்த்து, ஒரு பட்டியலில் அடுக்குகிறேன். முந்தைய கேள்விக்குத் திரும்பும் விசையை அழுத்தினால் கடைசிப் பதில் ரத்தாகி, பழைய சொல் திரும்பி வந்து, அதே கேள்வி மறுபடி வரும். எத்தனை தடவை வேண்டுமானாலும்.

அன்டூவை முதலில் முழுவதும் ஒரே கட்டாக வைத்தேன். 20 இடத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, 'மீதி எல்லாம் மாற்று' கொடுத்து, அது தப்பு என்று தெரிந்து அன்டூ அழுத்தியபோது பார்த்துப் பார்த்துச் செய்த இருபதும் சேர்ந்து போனது. அந்த இருபதும் என் உழைப்பு, அதை எடிட்டர் தூக்கி எறியக் கூடாது. இப்போது கையால் பதில் சொன்னவை ஒரு கட்டு, மொத்தமாக மாறியவை தனிக் கட்டு.

இனி தமிழ் எழுத்து. 'கல' என்று தேடினால் 'கலை', 'கல்வி' எல்லாவற்றிலும் போய் நிற்கிறது, ஏனென்றால் யூனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனிக் குறியீடுகள். சொல் எல்லை பார்க்கும் ரெஜெக்ஸும் (தேட வேண்டிய வடிவத்தை விவரிக்கும் குறிமுறை) கைகொடுக்கவில்லை, பைத்தானோடு வரும் re நூலகம் அந்தக் குறிகளைச் சொல்லின் பகுதியாக எடுப்பதில்லை, 'தமிழ்' என்பதை 'தம', 'ழ' என்று இரண்டாக வெட்டுகிறது. அதனால் நானே ஒரு விதி போட்டேன்: பொருந்திய இடத்துக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் அது பொருத்தம் இல்லை. இன்னொன்று, 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. தேடும்போது மட்டும் இரண்டையும் ஒரே வடிவமாக்கி ஒப்பிடுகிறேன். கோப்பையே அப்படி மாற்றிவிடுவது சுலபம்தான், ஆனால் கேட்காத எழுத்தைத் தொடும் எடிட்டரை நான் நம்ப மாட்டேன்.

நேற்று இன்னொன்று பிடிபட்டது. தேடும் சொல்லைத் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் தட்டிவிட்டு அப்படியே 'சரி'க்கு (yes) Y விசையை அழுத்தினால் எடிட்டருக்கு 'ள' போகிறது, 'வேண்டாம்'க்கு (no) N விசையை அழுத்தினால் 'ல'. கேள்வி அசையவே இல்லை. இப்போது ஸ்பேஸ் 'சரி', பேக்ஸ்பேஸ் 'வேண்டாம்', ஈமேக்ஸிலும் அப்படித்தான். எந்த விசைப்பலகை ஓடினாலும் அந்த இரண்டும் மாறாது. 'ள', 'ல' இரண்டையும் பதிலாக ஏற்கும்படியும் செய்துவிட்டேன்.

அடுத்து, கேள்வி நிற்கும் வரியைத் திரையின் நடுவில் வைக்க வேண்டும். இப்போது சில சமயம் கடைசி வரியில் வந்து நிற்கிறது, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.