ரயில் விபத்து இழப்பீடு: தள்ளுபடியான மனுவும் மேல்முறையீடும்

ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து அப்பா இறந்தார். இழப்பீடு கோரிய எங்கள் மனுவை, உடலருகே பயணச்சீட்டு கிடைக்கவில்லை, கதவருகே நின்றது அவருடைய சொந்தக் கவனக்குறைவு என்ற இரண்டு காரணங்களைக் கூறித் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்தது. அம்மாவை அதிகம் வருத்தியது இரண்டாவது காரணம்தான். பதில் சொல்ல இயலாத மனிதர்மீது பழியைச் சுமத்திவிட்டார்களே என்று அவர் ஆற்றாமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

1987-ஆம் ஆண்டின் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். எனவே உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு உடனே விண்ணப்பித்தோம்.

வழக்கின் கட்டு முழுவதையும் படித்த வழக்கறிஞர், புதிய சாட்சி எதுவும் தேவையில்லை என்றார். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு, பயணி வண்டியிலிருந்து தற்செயலாக விழுந்தால், நிர்வாகத்தின் தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழப்பீடு தரவேண்டும் என்கிறது. தற்கொலை அல்லது அதற்கான முயற்சி, தனக்குத்தானே விளைவித்துக்கொண்ட காயம், சொந்தக் குற்றச்செயல், போதையிலோ மனநிலை பிறழ்ந்தோ செய்த செயல், இயற்கையான காரணம், நோய் அல்லது அந்த விபத்தால் தேவைப்படாத மருத்துவச் சிகிச்சை ஆகியவையே விலக்குகள். கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. தனக்குத்தானே காயம் விளைவித்தார் எனச் சொல்ல அந்த நோக்கம் அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்று ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஒரு குடும்பம் மேல்முறையீடு வரை போகவேண்டியிருப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

பயணச்சீட்டு இல்லாததை மட்டுமே வைத்து ஒருவரை முறையான பயணி அல்ல என்று ஒதுக்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. மனுதாரர் தகுந்த விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் கூறிவிட்டால், அதை மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயைச் சேரும். சீட்டு வாங்கிக் கொடுத்து அப்பாவை வண்டியேற்றிவிட்ட தம்பி, எங்கிருந்து எங்கே செல்ல வாங்கினான் என்பதைத் தன் பிரமாணப் பத்திரத்தில் சொல்லியிருந்தான். குறுக்கு விசாரணையிலும் அது அசையவில்லை. காவல்துறையின் பிரேத விசாரணை அறிக்கையும் வண்டியிலிருந்து விழுந்ததாகவே கூறியது. இந்நிலையில் இருப்பவர்கள், சீட்டு வாங்கியதை நேரில் அறிந்தவரின் வாக்குமூலத்தைத் தீர்ப்பாயத்திலேயே பதிவாக்கிவிடுங்கள்; மேல்முறையீட்டில் புதிய சாட்சியத்தை எளிதில் ஏற்கமாட்டார்கள்.

வாதம் சுருக்கமாகவே நடந்தது. உயர் நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் உத்தரவை ரத்து செய்து, 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி 8 லட்சம் ரூபாயை வட்டியுடன் செலுத்த உத்தரவிட்டது. அப்பாவின் கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது என்ற பத்தியை அம்மாவுக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன்.