மரக்கானாவுல பார்போசாவை தேடி

சின்ன வயசுல இருந்தே நான் கோல்கீப்பர். ஸ்கூல் டீம், காலேஜ் டீம், இப்ப ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பசங்களோட ஆடற செவன்ஸ் வரைக்கும் கிளவுஸ் மாட்டிக்கிட்டு போஸ்ட்டுக்கு நடுவுல நின்னுதான் பழக்கம். அதனால வேலை விஷயமா ரியோ போக வேண்டி வந்தப்ப, கூட வந்தவங்க கொப்பகபானா பீச்சுக்கு கிளம்ப, நான் மட்டும் பிரேசிலோட பழைய கோல்கீப்பர் பார்போசா நின்ன மரக்கானா ஸ்டேடியத்தை பாக்கணும்னு, மெட்ரோ மாறி மரக்கானா ஸ்டேஷன்ல போய் இறங்கிட்டேன். ஸ்டேஷன்ல இருந்து ஒரு அகலமான நடைமேம்பாலம் நேரா ஸ்டேடியம் பக்கம் கொண்டு போய் விடுது, அதுல நடக்கும்போதே அந்த வட்டமான கான்க்ரீட் கண்ணுல பட ஆரம்பிச்சதும் கால் தானா வேகமாயிடுச்சு.

மரக்கானாங்கறது ஒரு கிளி வகையோட பேரு, அந்த பேருதான் பக்கத்துல ஓடற சின்ன ஆத்துக்கும் ஏரியாவுக்கும். ஸ்டேடியத்தோட கவர்ன்மென்ட் பேரு வேற, மாரியோ ஃபில்யோங்கற பத்திரிகைக்காரர் பேரு. முன்னாடி இந்த இடத்துல குதிரை ரேஸ் மைதானம் இருந்துச்சு. ஸ்டேடியத்தை ஊருக்கு வெளிய தூரமா கட்டலாம்னு ஒரு கோஷ்டி சொன்னப்ப, இல்ல, ஜனங்க வந்து போற இடத்துலதான் கட்டணும்னு தன் பேப்பர்ல எழுதி எழுதியே சாதிச்சவர் அவர். 1948 ஆகஸ்ட்ல வேலை ஆரம்பிச்சு 1950 ஜூன்ல திறந்துட்டாங்க. அவர் 1966ல இறந்த பிறகு அவர் பேரையே வச்சாங்க, எனக்கு தெரிஞ்சு ஒரு விளையாட்டு நிருபருக்கு இதை விட பெரிய மரியாதை கிடையாது.

வாசல்ல 1958 உலகக் கோப்பை ஜெயிச்ச பிரேசில் கேப்டன் பெல்லினி ஒரு கையால கப்பை தலைக்கு மேல தூக்கி நிக்கற சிலை இருக்கு. எல்லாரும் அங்க செல்ஃபி எடுத்துட்டுதான் உள்ள போறாங்க, நானும் எடுத்தேன். டிரெஸ்ஸிங் ரூம், பிரஸ் ரூம் எல்லாம் காட்டினாங்க, நல்லா பளபளன்னுதான் இருக்கு, ஆனா என் மனசு அங்க இல்ல. டன்னல் வழியா கிரவுண்ட் ஓரத்துக்கு கூட்டிட்டு போனாங்க பாருங்க, அங்கதான் அப்படியே நின்னுட்டேன். மஞ்சள், நீலம், வெள்ளைன்னு காலி சீட்டா சுத்தி ஏறிக்கிட்டே போகுது, நடுவுல அந்த புல்லு. புல்லுல கால் வைக்கக் கூடாதுன்னு கயிறு கட்டியிருக்காங்க, அதனால கயித்துக்கு இந்தப் பக்கமே குத்த வச்சு உக்காந்து கோல்போஸ்ட்டை பாத்துக்கிட்டிருந்தேன்.

1950 ஜூலை 16. உலகக் கோப்பையோட கடைசி மேட்ச், பிரேசிலும் உருகுவேயும். அன்னைக்கு இங்க டிக்கெட் வாங்கி வந்தவங்க மட்டும் 1,73,850 பேரு, மொத்தமா ரெண்டு லட்சம் பேர் கிட்ட இருந்திருப்பாங்க. பிரேசிலுக்கு டிரா பண்ணினாலே உலகக் கோப்பை, அதுக்கு முந்தின ரெண்டு மேட்ச்ல ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1ன்னு அடிச்சு துவைச்சிருக்காங்க. செகண்ட் ஹாஃப் ஆரம்பிச்சதுமே ஃப்ரியாசா கோல் போட்டுட்டார். உருகுவே கேப்டன் வரேலா உடனே பந்தை எடுத்து கையில இடுக்கிக்கிட்டு ரெஃபரிகிட்ட போய் ஆஃப்சைடுன்னு வாதாடிக்கிட்டே நேரத்தை இழுத்தாராம், கூட்டத்தோட சத்தம் கொஞ்சம் அடங்கட்டும்னு. அப்புறம் வலது பக்கமா உருகுவேயோட கிஜியா ஓடி வந்து உள்ள தள்ளின பந்தை ஸ்கியாஃபினோ அடிச்சு 1-1. 79வது நிமிஷம் அதே பக்கம், அதே கிஜியா. மறுபடியும் உள்ளதான் தள்ளுவார்னு நினைச்சு கோல்கீப்பர் பார்போசா ஒரு அடி முன்னாடி வச்சார். கிஜியா பாஸ் பண்ணல, பார்போசாவுக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல கிடைச்ச அந்த சின்ன சந்துல அடிச்சுட்டார். 2-1, கப் உருகுவேக்கு.

கோல்கீப்பரா நின்ன யாரை வேணா கேட்டுப் பாருங்க, அந்த ஒரு அடியை எல்லாரும்தான் வச்சிருப்பாங்க. முதல் கோல் அப்படித்தானே வந்துச்சு, வேற என்ன பண்ணுவாரு மனுஷன். பந்து கையில பட்டுச்சு, கார்னருக்கு தள்ளிட்டேன்னுதான் நினைச்சேன், ஸ்டேடியமே அமைதியானப்பதான் திரும்பிப் பாத்தேன்னு அவரே சொல்லியிருக்கார். பழி எல்லாம் அவர் மேலயும் இன்னும் ரெண்டு கறுப்பின டிஃபெண்டர்ஸ் மேலயும் விழுந்துச்சு. அந்த காலத்துல பிரேசிலோட ஜெர்சி வெள்ளை, அதையே ராசி இல்லன்னு தூக்கிப் போட்டுட்டு போட்டி வச்சு தேர்ந்தெடுத்ததுதான் நாம இன்னைக்கு பாக்கற மஞ்சள். ஜெர்சியை மாத்திட்டாங்க, பார்போசாவால எதை மாத்திக்க முடியும்? இருபது வருஷம் கழிச்சு ஒரு கடையில ஒரு அம்மா தன் பையன்கிட்ட அவரைக் காட்டி, இவர்தான் பிரேசிலையே அழ வச்சவர்னு சொன்னாங்களாம். இந்த நாட்டுல அதிகபட்ச தண்டனை 30 வருஷம்தான், நான் 50 வருஷமா அனுபவிக்கறேன்னு கடைசி காலத்துல சொன்னவர், 2000 ஏப்ரல்ல போயிட்டார். இதை நினைச்சா எனக்கு இன்னும் கோவம் வரும்.

இங்க நல்லதும் நடந்திருக்கு, இல்லன்னு சொல்லல. 1969ல பெலே தன்னோட ஆயிரமாவது கோலை பெனால்டில போட்டது இங்கதான், 2016 ஒலிம்பிக்ஸ்ல நெய்மார் கடைசி பெனால்டி அடிச்சு தங்கம் வாங்கினதும் இங்கதான். ஆனா 1992ல மேல் மாடத்துல கைப்பிடி உடைஞ்சு மூணு பேர் செத்திருக்காங்க. கிரவுண்டை ஒட்டி ஜெரல்னு ஒரு இடம் இருந்துச்சாம், காசில்லாத ஜனங்க கம்மி விலைக்கு டிக்கெட் எடுத்து நின்னுக்கிட்டே பாக்கற இடம், அதை 2005ல மூடிட்டாங்க. 2014 உலகக் கோப்பைக்காக பழைய கான்க்ரீட் கூரையை இடிச்சு புதுசு போட்டு, இப்ப 78,000 சீட் சொச்சம்தான். பாதுகாப்பு வேணும்தான், ஆனா அந்த ஜெரல் ஜனங்களுக்கு ஒரு மூலையாவது விட்டிருக்கலாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி கைடுகிட்ட பார்போசா பத்தி கேட்டேன். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் இங்கயேதான் வேலை பாத்தார், தெரியுமான்னு திருப்பிக் கேட்டாங்க. எங்கயோ படிச்சிருந்தேன், ஆனா அந்த இடத்துல நின்னு கேக்கும்போது தொண்டை அடைச்சுடுச்சு. சம்பளத்துக்காக தினமும் காலையில இந்த கேட்டுக்குள்ளயேதான வந்திருப்பார்?

பெரிய ஆட்டக்காரங்களோட கால் தடத்தை சிமெண்ட்ல பதிச்சு வச்சிருக்காங்க இங்க, 2009ல கிஜியாவையும் கூப்பிட்டு மரியாதையா பதிய வச்சாங்க. அவரும் 2015ல இறந்துட்டார், அதே ஜூலை 16 அன்னைக்கு. அவரை கூப்பிட்டது எனக்கு உண்மையிலயே சந்தோஷம்தான். 2009ல பார்போசாவை கூப்பிடலாம்னா அவர் இல்ல, போய் ஒம்பது வருஷம் ஆயிருந்துச்சு.