டொமைன் வைத்திருப்பவருக்கு எழுதிய மடல்

நான் தொடங்கவிருந்த தளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்திய டாட் காம் பெயர் வேறொருவரிடம் இருந்தது. அதை வாங்கி முடித்த கதை இது. விலை பேசியதைவிட, முதல் மடலை எப்படி எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டதில்தான் நேரம் அதிகம் போனது.

ஒரு காலத்தில், டொமைன் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஇஸ்ஸில் தேடினால் உரிமையாளரின் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் கொட்டும். 2018 மே மாதம் ஐரோப்பிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும் பெரும்பாலானவற்றை மறைத்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஆர்டாப் என்ற புதிய தேடல் முறை. எனக்கு அதில் கிடைத்தது பதிவு நிறுவனத்தின் பெயர், பதிவான தேதி, காலாவதி தேதி, உரிமையாளருக்கு மடலைக் கடத்திவிடும் ஒரு படிவம். அவ்வளவுதான்.

எழுதுவதற்கு முன், தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் பார்த்தேன். முன்பு அது ஒரு புகைப்பட வலைப்பதிவு. பிறகு வெற்றுப் பக்கம். ஆனால் ஒரு பெயர் எந்தச் சர்வர்களுக்குப் போகிறது என்று சொல்லும் டிஎன்எஸ்ஸைத் தோண்டியபோது, மின்னஞ்சலை வாங்கும் சர்வரைக் காட்டும் எம்எக்ஸ் பதிவு உயிரோடு இருந்தது. அதாவது, தளம் படுத்துவிட்டாலும் அந்தப் பெயரில் மனிதர் இன்னும் மின்னஞ்சல் வைத்திருக்கலாம். "பயன்படுத்தாமல்தானே கிடக்கிறது" என்ற தொனியில் ஒரு வரி யோசித்து வைத்திருந்தேன். அதை அப்போதே வெட்டினேன்.

இன்னொரு விஷயமும் மனதில் இருந்தது. டொமைன் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து ஒரு பழைய மோசடி உண்டு: "பெரிய விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், அதற்கு முன் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்." அந்தச் சான்றிதழுக்குக் கட்டும் காசுதான் அவர்கள் குறி. ஆகவே தேன் ஒழுக எழுதினால் சந்தேகம்தான் வரும். நான் அனுப்பியது இவ்வளவே:

"வணக்கம். உங்கள் டொமைனை நான் தொடங்கும் சிறிய தளத்துக்காக வாங்க விரும்புகிறேன். என்னால் தர முடிந்த தொகை கீழே. பணத்தை எஸ்க்ரோவில் போட்டுவிடுகிறேன், அதன் கட்டணமும் என் பொறுப்பு. விற்கும் எண்ணம் இல்லையென்றால் பரவாயில்லை."

கீழே தொகை, முழுப் பெயர், தொலைபேசி எண். எஸ்க்ரோ என்பது, பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் பிடித்து வைத்திருக்கும் மூன்றாம் தரப்புச் சேவை. முதலில் தொகை சொல்பவன் ஏமாளி என்பார்கள். பெயர்களை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்பவரிடம் அது சரியாக இருக்கலாம். சாதாரண ஆளிடம் தொகையைச் சொல்லாமல் இழுத்தால் மடல் நேராகக் குப்பைக்குப் போகும் என்பது என் கணிப்பு. மாணவன், தொண்டு நிறுவனம் என்று வேடம் போடச் சொன்னவர்களும் உண்டு. என் பெயரைத் தேடினால் ஒரு நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும். வணிகமுத்திரை என்று மிரட்டுவது அதைவிட மோசம். டொமைன் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் இருக்கும் யுடிஆர்பி நடைமுறையில், தீய நோக்கத்தோடு பதிவு செய்து பயன்படுத்தியதையும் காட்ட வேண்டும். அவரோ நான் என் தளத்தை யோசிப்பதற்கு வெகுகாலம் முன்பே பதிவு செய்தவர்.

பதில் வரவில்லை. சில வாரம் கழித்து, "முந்தைய மடல் கிடைத்ததா என்று கேட்க மட்டும்" என்று இரண்டு வரி அனுப்பினேன். அதற்கு வந்தது ஒற்றை வரி: "என் வங்கிக் கணக்கெல்லாம் இந்த மின்னஞ்சலில்தான் இருக்கிறது."

நியாயமான பயம். பெயர் கைமாறினால், கடவுச்சொல் மாற்றும் மடல்கள்கூடப் புதிய உரிமையாளருக்கு வந்து சேரும். விலையைத் தொடாமல் இதற்கு மட்டும் பதில் எழுதினேன்: கணக்குகளை மாற்றிக்கொள்ள உங்களுக்கு வேண்டிய அவகாசம் எடுங்கள், கைமாறிய பிறகும் ஒரு வருடம் உங்கள் முகவரிக்கு வருவதைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுகிறேன், இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வோம். அடுத்த மடலில் "வணக்கம் சார்" என்று ஆரம்பித்தார், கொஞ்சம் கூட்டிக் கேட்டார், நடுவில் ஓர் இடத்தில் முடிந்தது.

மற்றதெல்லாம் சட்டென்று நடந்தது. எஸ்க்ரோவில் பணம் போட்டேன். அவருடைய பதிவு நிறுவனத்திலேயே நானும் கணக்குத் திறந்ததால், வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது கேட்கும் ரகசியக் குறியீடான ஆத் கோட் எதுவும் தேவைப்படவில்லை. தன் கணக்கிலிருந்து என் கணக்குக்குத் தள்ளிவிட்டார். பெயர் வந்ததும், தளத்தைத் தொடுவதற்கு முன் அவருடைய மின்னஞ்சலைத் திருப்பிவிட்டு, சோதனை மடல் ஒன்று அனுப்பிப் பார்த்தேன். "வந்துவிட்டது" என்று பதில் போட்டு, எஸ்க்ரோ பணத்தையும் விடுவிக்கச் சொன்னார்.