பள்ளிக்கரணைப் படங்களுக்குத் தானாக ஓடும் பேக்கப்: இதுவரை

வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் இருப்பவர்களுக்கு பேக்கப் ஏன் வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் என்று இரண்டு முறையும் இந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பல வருடங்களாக நான் எடுத்த பறவைப் படங்களும் குறிப்புகளும் ஒரே லினக்ஸ் மடிக்கணினியில் இருக்கின்றன. நினைவு வரும்போது காப்பி எடுப்பது போதாது என்று, கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன்.

வேலையைச் செய்வது ஆர்சிங்க், கோப்புகளை நகலெடுக்கும், 1996இல் வந்த பழைய நிரல். தினமும் எடுக்கும் நகலுக்கு அன்றைய தேதியில் தனி ஃபோல்டர். அதில் எனக்கு மிகவும் பிடித்தது லிங்க்-டெஸ்ட் என்ற ஆப்ஷன். நேற்றைய ஃபோல்டரைக் காட்டிவிட்டால், மாறாத கோப்புகளைத் திரும்பக் காப்பி செய்யாமல் ஹார்டு லிங்க் மட்டும், அதாவது டிஸ்க்கில் இருக்கும் அதே கோப்புக்கு இன்னொரு பெயர் மட்டும், போடும். எந்த நாளின் ஃபோல்டரைத் திறந்தாலும் எல்லாப் படங்களும் முழுதாகத் தெரியும். ஆனால் இடம் பிடிப்பவை அன்று புதிதாக வந்தவையும் மாறியவையும்தான். பழைய நாள் ஒன்றை அழித்தாலும் மற்ற நாட்களுக்கு ஒன்றும் ஆகாது; கடைசி லிங்க் போகும்வரை கோப்பு டிஸ்க்கில் இருக்கும். நேற்றைய ஃபோல்டருக்கு முழுப் பாதையைக் கொடுப்பது நல்லது. சுருக்கமாகக் கொடுத்தால், நகல் போய்ச் சேரும் ஃபோல்டரிலிருந்துதான் ஆர்சிங்க் தேடும்.

ரிச்சி தெருவில் வாங்கிய ஹார்டு டிஸ்க், விண்டோஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் வடிவில் வந்தது. "அப்படியே செருகுங்க சார், ஓடும்" என்றார் கடைக்காரர். வெறும் காப்பிக்கு அது சரிதான். ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஹார்டு லிங்க் கிடையாது என்பதால் லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவில் ஃபார்மட் செய்துகொண்டேன்.

ஸ்கிரிப்டில் இரண்டு காவல்கள் இருக்கின்றன. டிஸ்க் செருகப்படாமல் இருந்தால், அதற்காக வைத்த வெறும் ஃபோல்டருக்குள்ளேயே ஆர்சிங்க் எழுதிக்கொண்டு போய், மடிக்கணினியின் சொந்த டிஸ்க்கை நிரப்பிவிடும். அதனால் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது அந்த ஃபோல்டரோடு இணைந்திருக்கிறதா என்று முதல் வரியிலேயே பார்த்து, இல்லையென்றால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அடுத்தது கரண்ட். கோடையில் நள்ளிரவில் கரண்ட் போய் டிஸ்க் அணைந்தால், பாதி காப்பியான ஃபோல்டர் முழு நகல்போலக் கிடக்கக் கூடாது. எனவே 'அரைகுறை' என்ற பெயரில் எழுதி, ஆர்சிங்க் பிழையின்றி முடிந்த பிறகே அன்றைய தேதியைப் பெயராக வைக்கிறேன். எனக்கு இதுதான் முழு ஸ்கிரிப்டிலும் முக்கியமான வரி.

அப்புறம் தமிழ்ப் பெயர்கள். என் கோப்புகள் எல்லாம் பூநாரை, நாமக்கோழி, தாழைக்கோழி என்றுதான் இருக்கும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடவிட்டபோது, நடந்ததைப் பதியும் லாக் முழுக்க \#340\#256\#252 என்று எண்களாக வந்தது. நகல் நன்றாகவே இருந்தது. கிரானுக்கு மொழி அமைப்பு எதுவும் போகாததால் லாகில் மட்டும் ஆர்சிங்க் அப்படிக் காட்டியது. 8 என்ற ஆப்ஷனைச் சேர்த்ததும் லாகும் தமிழில் வந்தது. இன்னொன்று, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'பூநாரை' மூன்று எழுத்தானாலும் 18 பைட். இஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான். இடம், தேதி, பறவை என்று எல்லாவற்றையும் தமிழில் கோத்து, விண்டோஸில் நீளமாகப் பெயர் வைத்திருப்பவர்கள் முன்பே குறுக்கிக்கொள்வது நல்லது.

கிரானில் இன்னொரு சங்கடமும் உண்டு. இரவு 2 மணிக்கு மடிக்கணினி தூங்கினால் அன்றைய வேலை போயே போச்சு. லினக்ஸிலேயே இருக்கும் சிஸ்டம்டி டைமருக்கு மாற்றி, தவறிய வேலையைப் பிறகு ஓட்டும் பெர்சிஸ்டென்ட் என்பதை இயக்கி வைத்தேன். இப்போது காலையில் திறந்ததும், விட்டுப்போனதை முதலில் முடித்துவிடுகிறது.

பழைய தேதி ஒன்றிலிருந்து ஒரு ஃபோல்டரை வேறு கணினிக்கு எடுத்து, கோப்பின் கைரேகை போன்ற ஷா256 கூட்டுத்தொகையை மூலத்தோடு ஒப்பிட்டேன். அத்தனையும் பொருந்தின.

ஒரு கவலை மட்டும் பாக்கி. ஹார்டு லிங்க் என்றால் எல்லா நாட்களுக்கும் ஒரே கோப்புதான். டிஸ்க்கில் அந்த இடம் பழுதானால் எல்லா நாட்களிலும் போய்விடும். வெள்ளம் வந்தாலும் இதே கதி. அதனால் இரண்டாவது டிஸ்க் ஒன்று மதுரையில் அக்கா வீட்டில் இருக்கும். பொங்கலுக்குப் போகும்போது முதல் நகலோடு கொண்டுபோகிறேன். அதன் பிறகு தினமும், தொலைவில் உள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் வழியாகப் புதுப் படங்கள் மட்டும் போனால் போதும்.