வக்கீலும் பேச்சு விட்டுப்போன நண்பனும்: நீதிமன்ற நாவல் எழுதுகிறவர்களுக்கு

வக்கீலும் அவருடைய பழைய நண்பனும் ஒரே வழக்கில் மாட்டிக்கொள்ளும் கதைக்கு எப்போதும் வாசகர் உண்டு. ஆனால் பல நாவல்களில் நட்பு முறிந்த கதை பழைய நினைவாக ஓர் அத்தியாயத்தில் வந்து போய்விடுகிறது, வழக்கு தன் பாட்டுக்கு ஓடுகிறது. இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால், எந்தச் சம்பவத்தால் பிரிந்தார்களோ அந்தச் சம்பவமே சாட்சியமாகக் கூண்டுக்கு வர வேண்டும். அதற்கு வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது.

முதலில் ஆண்டை முடிவு செய்துகொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அதற்கு முன் நடந்த கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவு, பின் நடந்ததற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு. 2023-இல் விழுந்த கொலையை 2026-இல் விசாரித்தாலும் 302 தான். இதில் தவறினால் கோர்ட் வாசம் தெரிந்த வாசகர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார். ஜூரியும் வேண்டாம், நம் நீதிமன்றங்களில் அந்த முறை ஒழிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. வக்கீல் பேசுவது ஒரே ஒரு நீதிபதியிடம்.

இனி நண்பனை எங்கே நிறுத்துவது? வக்கீலின் கட்சிக்காரராக வந்தால் அவன் சொல்வதை வக்கீல் வெளியே சொல்ல முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, புதிய சட்டத்தின் 132-ஆம் பிரிவு இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. வழக்கு முடிந்த பிறகும் அந்தக் கட்டு அவிழாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வக்கீல் என்ற முறையில் கேட்டதற்கு மட்டுமே. மொட்டைமாடியில் நண்பனாக உட்கார்ந்து கேட்டதற்குக் கிடையாது. வக்காலத்தில் கையெழுத்தான தேதி மட்டும் இதைத் தீர்மானிக்காது. தொழில்முறை ஆலோசனையாகச் சொன்னானா, நட்பில் சொன்னானா என்பதே கேள்வி. இரவு பதினோரு மணிக்கு வந்த ஒரு போன் அழைப்பு இரண்டில் எது என்று ஒரு முழு அத்தியாயம் வாதாடலாம்.

1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவில் கொடுத்திருக்கும் உதாரணங்களைக் கதை எழுதுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். “மோசடி ஆவணம் தயாரித்தது நான்தான், எனக்காக வாதாடுங்கள்” என்று சொன்னால் அது பாதுகாக்கப்படும். “இந்தப் பொய்ப் பத்திரத்தை வைத்துச் சொத்தை வாங்கிக் கொடுங்கள்” என்றால் பாதுகாப்பு இல்லை. மூன்றாவது உதாரணம் இன்னும் அருமை. கையாடல் வழக்கில் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறார் வக்கீல். வழக்கை எடுத்தபோது இல்லாத ஒரு பதிவு இப்போது அதில் இருக்கிறது. அந்தச் செய்திக்கு மறைப்புரிமை கிடையாது. திரில்லருக்கு இதைவிட நல்ல முடிச்சு எங்கே தேடினாலும் கிடைக்காது.

நண்பன் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்தால் பிடி இன்னும் இறுகும். அவன் பொய் சொல்கிறான் என்று வக்கீலுக்குத் தெரியும், ஏனென்றால் அன்று அவரும் அங்கே இருந்தார். ஆனால் குறுக்கு விசாரணையில் அவரால் கேட்க மட்டுமே முடியும், “நான் பார்த்தேன்” என்று சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டுமானால் கூண்டில் ஏற வேண்டும். தானே சாட்சியாகக்கூடும் என்று தெரிந்த வழக்கில் ஆஜராகக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சில் விதி. அப்படியானால் வக்காலத்தை விட வேண்டும். அதையும் நினைத்தபோது விட முடியாது. தகுந்த காரணமும், கட்சிக்காரருக்குப் போதிய முன்னறிவிப்பும் வேண்டும், உழைக்காத பகுதிக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலை வெளியேற்றுவதற்காகவே அவர் பெயரைச் சாட்சிப் பட்டியலில் சேர்க்கும் தந்திரமும் உண்டு. காரணம் காட்டாமல் அப்படிச் சேர்ப்பதை ஏற்க முடியாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கே எழுத்தாளர்கள் வழுக்குகிற இடம் ஒன்று. நண்பனுக்கு வக்கீலோடு உள்ள பகை வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபிப்பார், நீதிபதியும் கேள்வியை அனுமதிக்க மாட்டார். பகை குற்றம்சாட்டப்பட்டவரோடும் இருந்தாக வேண்டும். அப்போதுதான் அது சாட்சியின் நடுநிலை பற்றிய கேள்வி; சாட்சி மறுத்தால் வேறு ஆதாரம் கொண்டுவந்து பொய்யென்று காட்டலாம். ஆகவே பிரிவுக்குக் காரணமான பணமோ நிலமோ பெண்ணோ, மூன்று பேரையும் தொட்டதாக இருக்கட்டும்.

சாட்சியம் தாளில் எப்படி ஏறுகிறது என்பதையும் பாருங்கள். நம் விசாரணை நீதிமன்றங்களில் கேள்வி பெரும்பாலும் தனியாகப் பதிவாவதில்லை. பதிலோடு சேர்ந்து சாட்சியின் வாய்மொழியாகவே ஏறுகிறது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு அங்கே “எதிரி” என்று பெயர்.

“நானும் எதிரியும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம் என்றால் சரிதான். எங்களுக்குள் பண விவகாரத்தில் முன்விரோதம் இருந்தது என்றால் சரியல்ல. அதனால் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல.”

இருபது வருஷ நட்பு இப்படி மூன்று வரியாகிவிடும். இந்த நடையை அப்படியே ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள். வசனத்தைவிட வலுவாக நிற்கும்.

போலீஸ் வாக்குமூலத்தை வக்கீல் உயர்த்திக் காட்ட, சாட்சி அங்கேயே அழுது விழும் காட்சியையும் விட்டுவிடுங்கள். அந்த வாக்குமூலத்தில் சாட்சியின் கையெழுத்தே இருக்காது. முரண்பாட்டை நிரூபிக்க இரண்டு படி உண்டு. முதலில் அந்தக் குறிப்பிட்ட வாசகத்தைச் சாட்சியிடம் காட்டிக் கேட்க வேண்டும்; அவர் மறுப்பார். பிறகு, வாக்குமூலம் பதிந்த இன்ஸ்பெக்டர் கூண்டுக்கு வரும்போது அவரிடம் கேட்க வேண்டும். “அந்தச் சாட்சி என் விசாரணையில் அவ்வாறு கூறினார்” என்று அவர் சொன்னால்தான் வேலை முடிந்தது. இடையில் மாதங்கள் ஓடியிருக்கும். முதல் படியில் ஒன்றும் நடக்காததுபோல் வக்கீல் “வேறு கேள்வி இல்லை” என்று உட்கார்ந்துவிடலாம். அவர் என்ன செய்தார் என்பது வாசகருக்குப் பத்து அத்தியாயம் கழித்துத்தான் புரியும்.

நண்பன் அப்ரூவரானால், அதாவது மன்னிப்பு பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய கூட்டாளியானால்? போலீஸ் விசாரணைக் கட்டத்தில் மன்னிப்பு பெற்றவர் மாஜிஸ்ட்ரேட் முன்பு ஒருமுறை, செஷன்ஸ் கோர்ட்டில் மறுமுறை சாட்சி சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால் கோர்ட் விசாரணை முடியும்வரை சிறையில்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். மன்னிப்பு கையெழுத்தானதும் வீட்டுக்குப் போய்விடுவதாக எழுதுவது தவறு. தெரிந்தே மறைத்தார் அல்லது பொய் சொன்னார் என்று அரசு வக்கீல் சான்றளித்தால் அதே குற்றத்துக்கு அவர்மேல் தனி விசாரணை நடக்கும். ஆக, பழைய நண்பனைக் காப்பாற்ற மனம் மாறினால் அவன் தலைக்கே கத்தி வரும். கூட்டாளியின் சாட்சியை மட்டும் வைத்துத் தண்டிக்கப் பழைய சாட்சியச் சட்டத்தில் தடையில்லை என்றாலும், வேறு ஆதாரம் துணை நிற்கிறதா என்று நீதிமன்றங்கள் தேடும்; புதிய சட்டமோ துணை ஆதாரம் உள்ள சாட்சியையே சொல்கிறது. அந்தத் துணை ஆதாரம் வக்கீலின் பழைய பெட்டியில் கிடக்கும் ஒரு கடிதமாக இருந்தால், கதை தானே நடக்கத் தொடங்கிவிடும்.

இருவரும் எதிரெதிர் வக்கீல்களாக வருவது எனக்கு அவ்வளவு சுவையாகப் படவில்லை. வக்கீல்கள் உள்ளே மோதிவிட்டு வெளியே ஒன்றாக டீ குடிப்பது தினசரி நடப்பது.

எழுதத் தொடங்கும் முன் ஒரு செஷன்ஸ் கோர்ட்டின் பின்வரிசையில் சில நாள் உட்காருங்கள். பாலியல் குற்ற வழக்குகள் போன்ற மூடிய விசாரணைகள் தவிர மற்றவை பொதுமக்கள் பார்க்கக்கூடியவை. கைபேசியை அணைத்துவிடுங்கள், பதிவு செய்யாதீர்கள், பெயர்களைக் குறிப்பில்கூட மாற்றி எழுதுங்கள். வாய்தா கேட்கும் காலை நேரத்தைவிட, சாட்சி விசாரணை நடக்கும் நேரத்துக்குப் போவது நல்லது. அன்றைய வழக்குப் பட்டியல் நீதிமன்ற அறைக்கு வெளியே ஒட்டியிருக்கும், அதில் எந்த வழக்கு சாட்சி விசாரணையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.