சிவப்புப் பேனாவும் நாலு வருடக் கணக்கும்

மகளுக்குச் சிறிய கல்லூரிதான் சரிப்படும் என்பதில் எங்கள் வீட்டில் சண்டையே இல்லை. கையைத் தூக்கிவிட்டுக் காத்திருப்பதற்குள் கேள்வியே மறந்துபோகிற பெரிய வகுப்புகளில்தான் நியூஜெர்சியில் இத்தனை நாள் படித்தாள். சண்டை பணத்தில்தான். உதவி கேட்டால் சிரிக்கிற அளவு சம்பளம், முழுக் கட்டணம் கட்டினால் அழுகிற அளவு சேமிப்பு.

முதல் பட்டியலில் வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், ஸ்வார்த்மோர். மூன்றுமே பொதுவாக மெரிட் ஸ்காலர்ஷிப், அதாவது திறமைக்கான உதவித்தொகை, தருவதில்லை; குடும்பத்தின் தேவையைப் பார்த்துத்தான் உதவி. தேவை எவ்வளவு என்று சொல்வது நாமல்ல, அவர்கள். கல்லூரிகளின் இணையதளங்களில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கும்; வரவையும் சொத்தையும் போட்டால், உதவி போக நாம் தோராயமாக எவ்வளவு கட்டவேண்டும் என்று காட்டும். 2011 முதல் சட்டப்படி கட்டாயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜை முழுக்க வரித் தாள்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற விரிவான நிதி விண்ணப்பத்தைக் கேட்கும் கல்லூரிகள் பலவும் வீட்டின் மதிப்பையும் சொத்தில் சேர்க்கின்றன. "ஜன்னலைக் கழற்றி விற்றா ஃபீஸ் கட்டுவது?" என்றாள் மனைவி. மகன் இரண்டு வருடம் இளையவன். இருவரும் ஒரே சமயம் கல்லூரியில் இருந்தால் சலுகை கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். ஃபாஃப்சா என்ற கூட்டரசு உதவி விண்ணப்பத்தின் கணக்கில் அந்தச் சலுகையை 2024-25 முதல் எடுத்துவிட்டார்கள்.

வழி திறந்தது, கல்லூரிகள் தங்கள் புள்ளிவிவரங்களை வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற வறண்ட ஆவணத்தில். அதில் எச்2ஏ என்றொரு பகுதி: பண உதவி தேவையில்லை என்று கணித்த மாணவர்களில் எத்தனை பேருக்கு, சராசரியாக எவ்வளவு ஸ்காலர்ஷிப் தந்தார்கள் என்பது அங்கே இருக்கும். தரவரிசைப் பட்டியல்களைவிட எனக்கு உதவியது அந்த ஒரு பகுதிதான். அப்படித்தான் டெனிசன், வூஸ்டர், கலமசூ என்ற கல்லூரிகள் எல்லாம் பட்டியலுக்குள் வந்தன. "வூஸ்டரா, அது எந்த ஊர்?" என்றான் மச்சினன். ஒஹாயோ என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்து விண்ணப்பிக்கும் எர்லி டிசிஷன் பக்கம் போகவில்லை. இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆகவேண்டும். யார் எவ்வளவு உதவி தருகிறார்கள் என்று நாலு கல்லூரிகளின் கடிதங்களை அருகருகே வைத்துப் பார்க்க முடியாது.

மார்ச்சில் கடிதங்கள் வந்தன. ஒரு கல்லூரியின் கடிதத்தில் 'மொத்த உதவி' என்ற தொகை கொழுத்திருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். முதல் வருடக் கூட்டரசுக் கடன் 5,500 டாலர்: அடித்தேன். வளாக வேலைச் சம்பளம், அவள் உழைத்தால்தான் வரும்: அடித்தேன். பெற்றோர் வாங்க வேண்டிய கடனையும் உதவியில் சேர்த்திருந்தார்கள். அதை அடித்தபோது தாள் கிழிந்தது.

வூஸ்டரைப் பார்க்கப் போனோம். அங்கே கடைசி வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆசிரியரின் வழிகாட்டுதலில் சொந்தமாக ஓர் ஆய்வு எழுதவேண்டும். ஒப்படைத்ததும் கையில் ஒரு டூட்ஸி ரோல் மிட்டாய் தருவார்களாம். இதைக் கேட்ட மகளின் முகத்தைப் பார்த்ததுமே, எக்செல் தாளில் மற்ற வரிசைகளை அழித்துவிடலாம் என்று தோன்றியது.

அழிக்கவில்லை. மதிப்பெண் எவ்வளவு குறைந்தால் ஸ்காலர்ஷிப் நிற்கும், கட்டணம் ஏறினால் அதுவும் ஏறுமா என்று மின்னஞ்சலில் கேட்டேன். தொகை நாலு வருடமும் அதேதான் என்றார்கள். ஏறப்போகும் கட்டணத்துக்காக ஒரு வரி சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, கடைசி நாளான மே 1க்கு இரண்டு நாள் முன்பு வூஸ்டருக்கு டெபாசிட் கட்டினேன்.