பீரியட்ஸுக்கு முன் வரும் தொல்லையும் ஸ்ட்ரெஸ்ஸும்: முதல் இரண்டு வாரத்தைக் கவனியுங்கள்

எரிச்சல், அழுகை, மார்பு வலி, வயிற்று உப்புசம் எல்லாம் வந்த பிறகுதான் பலரும் ‘டென்ஷனைக் குறைக்கணும்’ என்று யோசிக்கிறார்கள். அது தாமதம். மாதவிடாய்ச் சுழற்சியின் தொடக்கத்தில், அதாவது பீரியட்ஸ் தொடங்கிய நாளிலிருந்து வரும் முதல் இரண்டு வாரத்தில், மன அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கு அடுத்த பீரியட்ஸை ஒட்டிய தொல்லைகளும் கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

சுழற்சியின் நடுவில் கருமுட்டை வெளியான பின் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அதிலிருந்து உருவாகும் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் மூளையில் ‘காபா’ என்ற அமைதிப்படுத்தும் அமைப்பின் மேல் வேலை செய்கிறது. சிலருடைய மூளை இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதில்லை. ஹார்மோன் அளவு பெரும்பாலும் எல்லோருக்கும் போலத்தான் இருக்கும். அதனால் இதற்காக ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் ‘நார்மல்’ என்றே வரும். நீடித்த மன அழுத்தமும் இதே அமைப்பைத்தான் தொடுகிறது, தூக்கத்தையும் கெடுக்கிறது.

இன்னொரு சிக்கல்: கடும் ஸ்ட்ரெஸ் கருமுட்டை வெளியாவதையே தள்ளிப்போடலாம். அப்போது பீரியட்ஸும் தள்ளும், 28 நாள் கணக்கில் ஓடும் ஆப் சொல்லும் தேதி தப்பும்.

எனவே முதல் வேலை, குறிப்பு எழுதுவது. உங்களுக்கு அதிகம் படுத்தும் நான்கைந்து தொல்லைகள், அன்றைய மன அழுத்தம், இவற்றுக்கு 1 (இல்லவே இல்லை) முதல் 6 (மிகக் கடுமை) வரை மதிப்பெண். பக்கத்தில் தூங்கிய நேரம். தினமும் இரவே எழுத வேண்டும், மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் மோசமான நாட்கள் மட்டுமே மிஞ்சும். இரண்டு சுழற்சி போதும். இது பீரியட்ஸை ஒட்டிய தொல்லைதான் என்றால், பீரியட்ஸ் தொடங்கி நான்கு நாளுக்குள் அடங்கி, பிறகு ஒரு வாரமாவது தெளிவாக இருக்க வேண்டும். அப்படித் தெளிவான நாட்களே இல்லையென்றால் மனச்சோர்வோ தைராய்டோ பின்னால் இருக்கலாம். டாக்டரிடம் அந்தக் குறிப்பையே காட்டுங்கள்.

அடுத்த வேலை, அழுத்தத்தைக் குறைப்பது: வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட வேக நடை, மாதம் முழுக்க. மூச்சுப் பயிற்சி என்றால் 4 விநாடி இழுத்து 6 விநாடி விடுவது, ஐந்து நிமிடம். வலிந்து ஆழமாக இழுத்தால் தலை சுற்றும், மெதுவாக விடுவதுதான் முக்கியம். சுழற்சியின் பின்பாதியில், அதாவது கருமுட்டை வெளியான பின், உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை கூடுவதால் தூங்கும் அறை குளிர்ச்சியாக இருக்கட்டும். மதியத்துக்குப் பின் காபி வேண்டாம்.

மாத்திரைகளில் நான் முதலில் சொல்வது கால்சியம்: உணவையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 மி.கி. ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் உடலில் சேரும் விகிதம் குறையும். பலன் தெரிய இரண்டு மூன்று சுழற்சி ஆகும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். வைட்டமின் பி6 தினமும் 100 மி.கி.யைத் தாண்டவே கூடாது. அதிக அளவில் நாள்பட எடுத்தால் கை கால் மரத்துப்போகும்.

இவ்வளவுக்கும் வேலையோ உறவோ குலையும் அளவுக்குப் போனால் அதைப் பல்லைக் கடித்துப் பொறுக்கத் தேவையில்லை. செரட்டோனின் சார்ந்த மனச்சோர்வு மருந்துகள் இதற்குச் சில நாளிலேயே வேலை செய்யக்கூடியவை. சுழற்சியின் பின்பாதியில் மட்டும் எடுக்கும் முறையும் உண்டு. தற்கொலை எண்ணம் வந்தால் குறிப்பு முடியக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.